பி.பி. நார்மல்தானே என்று விட்டுவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ‘அக்கா’ என்று எழுதியிருந்தாய். அந்த உரிமையில் ‘நீ’ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நியூஜெர்சியில் பிராக்டிகல் நர்சிங் படித்து முடித்தாயிற்று. பகலில் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை, ராத்திரி பிள்ளை தூங்கின பிறகு என்கிளெக்ஸ்-பி.என். தேர்வுக்குப் படிப்பு. மற்றப் பகுதிகளில் பயிற்சிக் கேள்விகளை ஓரளவு சமாளிக்கிறாய். ‘ஃபிசியலாஜிகல் அடாப்டேஷன்’, அதாவது நெருக்கடிக்கு உடம்பு ஈடுகொடுக்கிற விதம் பற்றிய பகுதியில் மட்டும் சறுக்குகிறது. “அட்டவணை எல்லாம் தலைகீழாகச் சொல்வேன் அக்கா, அப்படியும் தப்பாகவே வருகிறது” என்ற உன் வரியை இரண்டு தடவை படித்தேன். அட்டவணை தெரிந்தவர்கள்தான் இந்தப் பகுதியில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இதே கேள்வியோடு வேறு சிலரும் எழுதியிருப்பதால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். 2023-இல் வந்த பாடத்திட்டத்தில் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியது 7 முதல் 13 சதவீதம். மருந்துகளுக்கு 10 முதல் 16. மற்ற ஊழியர்களோடு சேர்ந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ‘கோஆர்டினேட்டட் கேர்’ பகுதிக்கு 18 முதல் 24. தேர்வில் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, இடைவேளை உட்பட 5 மணி நேரம். அந்த 85-இலும் 15 கேள்விகள் சோதனைக்காக வைத்தவை, மதிப்பெண் கிடையாது. ஆகக் குறைந்த அளவோடு தேர்வு முடிந்தால் இந்தப் பகுதியிலிருந்து நேரடியாக வருவது பத்துக்கு உள்ளேதான். ஆனாலும் இதைத் தள்ளிவைக்க முடியாது. யாரை முதலில் பார்ப்பாய், எதை உடனே சொல்வாய் என்று மற்றப் பகுதிகளில் கேட்கிற கேள்விகளுக்கும் அடியில் இதே சங்கதிதான் ஓடுகிறது. இது பிடிபட்டால் அங்கேயும் மதிப்பெண் ஏறும்.

கேள்வி போகப்போகக் கடினமாகி, பாதிதான் சரி என்று தோன்றும்போது மனசு விட்டுப்போகிறது என்றும் எழுதியிருந்தாய். அது உன் குறை இல்லை, அந்த இயந்திரத்தின் குணம். 1994-லிருந்து இந்தத் தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கிறது. நீ சரியாகச் சொன்னால் அடுத்தது கடினம், தப்பாகச் சொன்னால் அடுத்தது சுலபம். உனக்குச் சரிபாதி வாய்ப்பு இருக்கிற கேள்வியாகத் தேடித்தேடி எடுத்துக் கொடுக்கும். ஆகவே நன்றாக எழுதுகிறவளுக்கும் பாதி தப்பாகப் போகிற உணர்வுதான் இருக்கும். 85-இல் நின்றால் பாஸ் என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாயே, அதையும் நம்பாதே. நீ தகுதிக்கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கம்ப்யூட்டர் நிறுத்திக்கொள்ளும். மேலே என்று உறுதியானாலும் நிற்கும், கீழே என்று உறுதியானாலும் நிற்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ நோயைப் படிக்கிறாய். அதிர்ச்சி நிலை என்றால் பி.பி. குறையும், நாடி ஏறும்; நீரிழிவு முற்றினால் இன்னின்ன அறிகுறி; ஆஸ்துமாவில் விசில் சத்தம் என்று பெயருக்கு எதிரே பட்டியல் போட்டு வைத்திருக்கிறாய். கேள்வி எழுதுகிறவர் கேட்பது அதை அல்ல. இந்த உடம்பு இப்போது எதைக் காப்பாற்றப் பார்க்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்கிறார். நாம் அறிகுறி என்று எழுதிவைத்திருப்பதில் பாதி, நோய் செய்த வேலை அல்ல. நோயைச் சமாளிக்க உடம்பு செய்கிற வேலை. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பட்டியலில் பெரும்பகுதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

இந்தப் பார்வை புதிதல்ல. வெளியே எது மாறினாலும் உடம்பு தன் உள்சூழலை நிலையாக வைத்துக்கொள்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் கிளாட் பெர்னார்ட் சொல்லிவிட்டார். அதற்கு ‘ஹோமியோஸ்டேசிஸ்’ என்று பெயர் வைத்து 1932-இல் புத்தகமாக விளக்கியவர் அமெரிக்கரான வால்டர் கேனன். முதல் உலகப்போரில் காயம்பட்டு அதிர்ச்சி நிலைக்குப் போன சிப்பாய்களைப் பிரான்சில் பக்கத்தில் இருந்து ஆராய்ந்தவர் அவர். நிலையாக இருப்பதைப் பற்றி எழுதிய மனிதர், அந்த நிலை கண்ணெதிரே குலைவதைப் பார்த்தவர் என்பது எனக்கு எப்போதும் முக்கியமாகப் படும். 1936-இல் ஹான்ஸ் செல்யே உடம்பின் நெருக்கடியை மூன்று கட்டமாகப் பிரித்தார்: முதலில் அலாரம், பிறகு எதிர்த்து நிற்றல், கடைசியில் ஓய்ந்துபோதல். 1970-இல் கலிஸ்டா ராய் என்ற கன்னியாஸ்திரி நர்ஸ், தகவமைதலை வைத்தே நர்சிங்குக்கு ஒரு கோட்பாடு எழுதினார். இந்தப் பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாதே. செல்யேயின் மூன்று கட்டத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள். தேர்வுக் கேள்விகளில் நோயாளி பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தின் கடைசியில் படுத்திருப்பார். மூன்றாவதுக்குப் போவதற்குள் நீ பார்த்தாயா என்பதுதான் கேள்வி.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயது, வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்திருக்கிறார். மாலை 4 மணிக்கு பி.பி. 126/78, நாடி 82, மூச்சு 16. 4.30-க்கு பி.பி. 122/84, நாடி 98, மூச்சு 20. 5 மணிக்கு பி.பி. 118/92, நாடி 116, மூச்சு 24. புரண்டு புரண்டு படுக்கிறார், தண்ணீர் கேட்கிறார், “ஏதோ மாதிரி இருக்கு” என்கிறார். கடைசி ஒரு மணி நேரத்தில் சிறுநீர் 25 மில்லி. கட்டின்மேல் ரத்தக்கறை இல்லை. நீ என்ன செய்வாய்? வலி மாத்திரை கொடுப்பதா, அரைமணி கழித்து மறுபடி பார்ப்பதா, வாய் நனையத் தண்ணீர் கொடுப்பதா, ரிஜிஸ்டர்டு நர்ஸான ஆர்.என்.-னிடம் உடனே சொல்வதா?

பி.பி. 118 என்று பார்த்ததும் பலருக்கும் கை தளர்ந்துவிடும். நார்மல்தானே, அமைதியில்லாமல் இருக்கிறார், வலியாக இருக்கும் என்று முதல் விடைக்குப் போவார்கள். கீழ் எண்ணைப் பார். 78 இருந்தது 92 ஆகியிருக்கிறது. மேலுக்கும் கீழுக்கும் இருந்த இடைவெளி 48, பிறகு 38, இப்போது 26. உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது. கழுத்து நாளத்திலும் மகாதமனி வளைவிலும் இருக்கிற அழுத்த உணரிகள் அதைக் கண்டுபிடித்து மூளைக்குச் சொல்லிவிட்டன. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கிறது. தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகிற குழாய்கள் சுருங்குகின்றன. அதனால்தான் கீழ் எண் ஏறுகிறது, கை கால் சில்லிடுகிறது, சிறுநீர் குறைகிறது. தண்ணீரை விடக்கூடாது என்று ஹார்மோன்கள் சுரக்கின்றன. தாகம் அதோடு வருவது. மூளைக்கு ஆக்சிஜன் லேசாகக் குறையும்போது முதலில் தெரிவது மயக்கம் அல்ல, இருப்புக்கொள்ளாமைதான். இத்தனை செலவையும் செய்துதான் அந்த 118 நிற்கிறது. நகையை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்கு அனுப்பிவிட்டு, வந்த விருந்தாளிக்கு முகம் மாறாமல் இலை போடுகிற வீடு மாதிரி. வாசலில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் 15 முதல் 30 சதவீதம் வரை போனாலும், அதாவது ஒன்றரை லிட்டர் வரைக்கும், மேல் எண் விழாமல் இருக்கக்கூடும். அது விழுகிறபோது உடம்பின் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். குழந்தைகள் இதைவிட மோசமாக ஏமாற்றுவார்கள். குழாய்களை இறுக்கிப் பிடித்துக் கடைசிவரை பி.பி.யைக் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று சரிந்துவிடுவார்கள். குழந்தை வருகிற கேள்வியில் பி.பி. நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதே. நாடியையும் தோலையும் பார், நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்.

அந்தக் கேள்விக்கு விடை உனக்கே தெரிந்திருக்கும்: ஆர்.என்.-னிடம் உடனே சொல்ல வேண்டும். தண்ணீர் கூடாது, மறுபடியும் தியேட்டருக்குப் போக வேண்டி வரலாம். வலி மருந்து இருக்கிற பி.பி.யையும் இறக்கிவிடும். அரைமணி காத்திருக்க அவரிடம் அரைமணி இருக்கிறதா என்பதே சந்தேகம். இன்னொன்று, இது வார்டில் கற்க வேண்டியது: கட்டு மேலே காய்ந்திருக்கிறது என்று திருப்திப்படாதே. முதுகுக்கு அடியில் கைவிட்டுப் பார். ரத்தம் கட்டை நனைக்காமல் பக்கவாட்டில் வழிந்து படுக்கையில் தேங்கியிருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான படத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொள். தலையில் அடிபட்டவருக்கு மண்டை ஓட்டுக்குள் அழுத்தம் ஏறினால் பி.பி. ஏறும், இரண்டு எண்ணுக்கும் இடைவெளி விரியும், நாடி குறையும், மூச்சு ஒழுங்கு தப்பும். இறுகிய மண்டைக்குள் ரத்தத்தைத் தள்ளுவதற்கு உடம்பு அழுத்தத்தை ஏற்றுகிறது. ஏறிய அழுத்தத்தைக் கண்டு இதயம் வேகத்தைக் குறைக்கிறது. குஷிங் என்ற பெயரில் பட்டியலில் இருப்பது இதுதான். ஆனால் எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காலையில் டக்கென்று பதில் சொன்னவர் இப்போது இழுத்துச் சொல்கிறார் என்றால் அதுதான் முதல் அடையாளம். தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தி, கழுத்து ஒரு பக்கம் சாயாமல் நேராக வைத்துவிட்டுச் சொல்லி அனுப்பு.

ரத்த வாயு அறிக்கையைப் பார்த்தாலே கண் இருட்டுகிறது என்று எழுதியிருந்தாய். இந்தப் பகுதிக்காகச் சந்தையில் விற்கிற அம்புக்குறிகள், கட்டங்கள், எக்ஸ்-ஓ விளையாட்டு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். அவை விடையைத் தரும், புரிதலைத் தராது. அளவுகள் மூன்று மட்டும் தெரிந்தால் போதும்: பி.எச். 7.35 முதல் 7.45, கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45, பைகார்பனேட் 22 முதல் 26. முதலாவதைக் காப்பதற்கு மற்ற இரண்டையும் உடம்பு மாற்றும். கார்பன் டை ஆக்சைடு நுரையீரலின் கையில். சில நிமிடத்தில் மாற்றிவிடும். பைகார்பனேட் சிறுநீரகத்தின் கையில், மாற்ற நாள்கணக்காகும்.

இன்சுலின் இல்லாமல் உடம்பில் அமிலம் கூடிப்போன நீரிழிவு நோயாளியைப் பார். பி.எச். 7.12, கார்பன் டை ஆக்சைடு 20, பைகார்பனேட் 6. ஆழமாக, வேகமாக மூச்சு இழுத்துவிடுகிறார். மூச்சில் பழ வாசனை. இங்கே நுரையீரலுக்கு ஒரு வியாதியும் இல்லை. ரத்தத்தில் ஏறிய அமிலத்தை மூச்சு வழியாக வெளியேற்ற அது பாடுபடுகிறது. இப்போது கேள்வி: ஒரு மணி நேரம் கழித்து அதே நோயாளியின் மூச்சு 34-லிருந்து 16-க்கு வந்துவிட்டது, ஆனால் அமிலம் அப்படியே இருக்கிறது, கூப்பிட்டால் கண் திறப்பதற்கும் நேரமாகிறது. தேறிவிட்டாரா? இல்லை. சிகிச்சையால் அமிலம் இறங்கி அதனால் மூச்சு நிதானமானால் அது நல்லது. அமிலம் இறங்காமல் மூச்சு மட்டும் இறங்கினால் நுரையீரல் கைவிட்டுவிட்டது. ஒரே எண், இரண்டு எதிரெதிர் அர்த்தம். அட்டவணை இதைச் சொல்லித் தராது.

ஆஸ்துமாவிலும் இதே கதைதான். இழுப்பு கடுமையாக இருக்கிற ஆள் வேகமாக மூச்சுவிடுவதால் கார்பன் டை ஆக்சைடு ஆரம்பத்தில் 35-க்குக் கீழே போகும். அதே ஆளுக்கு இன்னும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது அறிக்கையில் 40 என்று வந்தால், அட்டவணைப்படி நார்மல். ஆனால் அவர் களைத்துப்போய்விட்டார், மூச்சுத்தசை ஓய்கிறது என்று பொருள். விசில் சத்தம் குறைந்து நெஞ்சு அமைதியானாலும் அப்படித்தான். சத்தம் வருவதற்கும் உள்ளே காற்று போக வேண்டுமே.

அடுத்து, பல வருஷம் சிகரெட் பிடித்து நுரையீரல் கெட்ட ஒரு தாத்தா. கார்பன் டை ஆக்சைடு 55, பைகார்பனேட் 30, பி.எச். 7.36. இரண்டு எண் எல்லை தாண்டியிருக்கிறது, ஆனால் இவருக்கு இதுதான் வீடு. சிறுநீரகம் மெல்ல மெல்ல இந்த வாழ்க்கைக்கு ஒத்துப்போய்விட்டது. ஆக்சிஜன் அளவு 90 என்று காட்டினால் ஓடிப்போய்க் குழாயைத் திருப்பி 99-க்கு ஏற்றாதே. இப்படிப்பட்டவர்களுக்கு இலக்கே 88 முதல் 92 வரைதான்; தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறித் தூக்கக் கலக்கத்துக்குப் போய்விடுவார். ஆஸ்துமாக்காரருக்கு 40 ஆபத்து, இந்தத் தாத்தாவுக்கு 55 பழக்கம். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இவர்கள் இருவரையும் போட்டு யாரை முதலில் பார்ப்பாய் என்று கேட்டால் உனக்கு இப்போது குழப்பம் வரக்கூடாது. காற்றுவழி, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற ஏ-பி-சி வரிசையை வைத்தே எல்லாக் கேள்வியையும் அடித்துவிடலாம் என்று யூடியூபில் சொல்கிறார்களே, அந்த வரிசை இங்கே உதவாது. இரண்டு பேருக்கும் மூச்சுதான் பிரச்சினை. யாருக்கு இது புதிது, யார் மாறிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் வழிகாட்டும்.

இதய பலவீனம் இன்னொரு வகை. இங்கே உடம்பின் சமாளிப்பே நோயாகிவிடுகிறது. இதயம் சரியாகத் தள்ளாததால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவாக வருகிறது. சிறுநீரகத்துக்குக் காரணம் தெரியாது. உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு ரெனினைச் சுரக்கிறது. அதிலிருந்து ஆஞ்சியோடென்சின், அதிலிருந்து ஆல்டோஸ்டீரோன்: குழாய்கள் சுருங்குகின்றன, உப்பும் தண்ணீரும் தங்குகின்றன. ஏற்கெனவே தள்ளமாட்டாமல் தவிக்கிற இதயத்துக்கு மேலும் சுமை. ரத்தக் கசிவில் உயிர் காத்த அதே ஏற்பாடுதான் இங்கே ஆளை மூழ்கடிக்கிறது. உன் இல்லத்தில் பாதிப்பேருக்கு லிசினோபிரில், மெட்டோபிரோலால் எடுத்துக்கொடுத்திருப்பதைப் பார்த்திருப்பாய். அந்த மருந்துகளின் வேலையே உடம்பின் இந்த அதிகப்படி முயற்சியை அடக்குவது. இது புரிந்தால் பக்கவிளைவும் தானாக வரும். ஆல்டோஸ்டீரோன் குறைந்தால் பொட்டாசியம் உடம்பில் தங்கும். ஆகவே லிசினோபிரில் எடுப்பவர் உப்புக்குப் பதில் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைப் போட்டுக்கொள்ளக்கூடாது. இப்படி ஒரு கேள்வி மருந்துப் பகுதியில் வந்தாலும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த நோயாளிகளுக்கு எடைபார்ப்பதை அலட்சியமாக எண்ணாதே. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதாவது 2.2 பவுண்டு. கால் வீங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசில் தெரிந்துவிடும். ஒரு நாளில் 2, 3 பவுண்டோ, ஒரு வாரத்தில் 5 பவுண்டோ ஏறினால் சொல்ல வேண்டும். காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே தராசு, அதே அளவு உடுப்பு. தேர்வில் இதைக் கேட்கும்போது நான்கு விடையும் சரி மாதிரிதான் இருக்கும். ‘அதே’ என்பது எதில் இருக்கிறது என்று பார்.

நீ ஆகப்போகிற எல்.பி.என். (லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்) வேலையின் எல்லையைப் பற்றிக் கொஞ்சம். டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் எல்.வி.என். என்பார்கள், வேலை ஒன்றுதான். முதல் முழுமையான பரிசோதனை, பராமரிப்புத் திட்டம் போடுவது, முதன்முதலாகக் கற்றுக்கொடுப்பது ஆகியவை ஆர்.என்.-னின் பொறுப்பு. நீ தகவல் சேகரிக்கிறாய், முன்பிருந்த நிலையோடு ஒப்பிடுகிறாய், அவர் கற்றுக்கொடுத்ததை நோயாளிக்கு மறுபடி நினைவூட்டுகிறாய், நிலை மாறினால் சொல்கிறாய். “யாரை எல்.பி.என்.-னிடம் ஒப்படைக்கலாம்” என்ற கேள்விக்கு விடை, நோய் லேசானவர் என்பதல்ல, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கக்கூடிய, மாறாமல் இருக்கிற நோயாளி. சிகரெட் தாத்தா உனக்கு, ஆஸ்துமாக்காரர் ஆர்.என்.-னுக்கு. “எங்கள் இல்லத்தில் இதையெல்லாம் நாங்களே செய்கிறோமே” என்று நினைத்து விடை குறிக்காதே. தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்று; உன் மாநிலத்து வழக்கமோ உன் இல்லத்து ஆள் பற்றாக்குறையோ அதற்குத் தெரியாது.

ஆனால் சொல்வது என்பதை ஓடிப்போவது என்று எடுத்துக்கொள்ளாதே. மூச்சுத் திணறுகிறவரைத் தட்டையாகப் படுக்கவிட்டுவிட்டு ஆர்.என்.-னைத் தேடிப்போகிற விடையும் தப்புதான். தலைப்பக்கத்தை உயர்த்துவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். விடைகளில் கட்டிலருகே உடனே செய்யக்கூடிய, எல்லைக்கு உட்பட்ட காரியம் ஒன்று இருந்தால் முதலில் அது. செய்ய ஒன்றும் இல்லை, தேவையான தகவல் கையில் இருக்கிறது என்றால் சொல்வது.

2023 ஏப்ரலில் கேள்வித்தாளின் வடிவம் மாறியது உனக்குத் தெரிந்திருக்கும். ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்வி வரும். அப்படி மூன்று நோயாளிகளாவது உண்டு. எது கவனிக்க வேண்டிய குறிப்பு, அதற்கு என்ன அர்த்தம், எது முதலாவது ஆபத்து, என்னென்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்ததில் பலன் தெரிகிறதா என்று படிப்படியாகப் போகும். சில கேள்விகளில் பாதி சரிக்குப் பாதி மதிப்பெண் உண்டு. பலரும் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. பழைய மாதிரியில் ஒரு நேரத்து எண்ணை மட்டும் கொடுத்துக் கேட்பார்கள். இப்போது 8 மணி, 10 மணி, 12 மணி என்று வரிசையாகத் தருகிறார்கள். ஓடுகிற உடம்பைப் பார்க்கப் பழகியவளுக்கு அது வசதி.

எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தாய். நீ சொன்ன மூன்று கேள்வி வங்கிகளும் தேவையில்லை, ஒன்று போதும். ஒரு நாளைக்கு நூறு கேள்வி என்று ஓட்டாதே. இருபது போடு, ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுது: என்ன கெட்டது, உடம்பு எப்படி ஈடுகட்டுகிறது, அது தீர்ந்தால் அடுத்து என்ன தெரியும். தமிழில் எழுது, யாரும் திருத்தப்போவதில்லை. நெஞ்சடைக்கிறது, குப்பென்று வேர்க்கிறது, கை சில்லென்று இருக்கிறது என்று எழுதும்போது ஆள் கண்ணுக்கு முன்னால் வருகிறார். கேள்வியை மட்டும் ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகப் படி. ‘முதலில்’, ‘உடனே’, ‘மேலும் விளக்கம் தேவை’ என்பவற்றுக்கான சொற்கள் அதில்தான் ஒளிந்திருக்கும்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கவா என்று கேட்டாயே, வேண்டாம். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தினமும் பி.பி. எடுக்கிறாய், எடை பார்க்கிறாய், யார் சாப்பிட்டார் யார் சாப்பிடவில்லை என்று உனக்குத்தான் தெரியும். வயதானவர்கள் உடம்பு புத்தகத்தில் இருக்கிற மாதிரி நடந்துகொள்ளாது. சிறுநீர்த் தொற்று முற்றினாலும் ஜுரம் ஏறாமல் இருக்கலாம். நேற்றுவரை உன் பெயரைச் சொன்ன பாட்டி இன்று நீ யார் என்று கேட்பார், அவ்வளவுதான். மெட்டோபிரோலால் எடுப்பவருக்கு ரத்தம் கசிந்தாலும் நாடி ஏறாது, மருந்து அதைப் பிடித்து வைத்திருக்கும். சர்க்கரை இறங்கினாலும் படபடப்புத் தெரியாது. வியர்வை மட்டும் தெரியும். ஈடுகட்டும் சக்தியே குறைந்த உடம்பில் எதைப் பார்ப்பது என்பதை உன்னைவிட நன்றாகக் கற்க யாருக்கு வாய்ப்பு இருக்கிறது?

தேர்வுக் கட்டணம் 200 டாலர். அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் பதிவில் இருக்கிற பெயரும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரா கணவர் பெயரா இனிஷியலா என்ற நம் குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடு, தேர்வு மையத்து வாசலில் தீர்க்க முடியாது. ஒருவேளை தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். எந்தப் பகுதியில் கோட்டுக்கு மேல், எதில் கோட்டை ஒட்டி, எதில் கீழே என்று ஓர் அறிக்கையும் வரும்.

கடைசியாக உனக்கு ஒரு நோயாளி. 78 வயது, முதியோர் இல்லவாசி, மெட்டோபிரோலால் எடுக்கிறார். வழக்கமான பி.பி. 148/80. இன்று காலை 104/62, நாடி 68, மூச்சு 26, உடம்புச் சூடு 97.2 டிகிரி. காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை, சட்டைப் பித்தானைத் தப்புத்தப்பாகப் போட்டிருக்கிறார். “பி.பி. இப்போதுதான் நன்றாக இருக்கிறது” என்கிறார் அவரைப் பார்க்க வந்த மகன். எந்த எண்ணை நம்புவாய், எதை நம்பமாட்டாய், மகனிடம் என்ன சொல்வாய், ஆர்.என்.-னிடம் எந்த வரிசையில் சொல்வாய்? எதை ஏன் தள்ளினாய் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பு. படித்துப் பார்த்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா